ஆள்காட்டி விரல்

டோபி ரைஸ்லர் எங்கள் அணிக்கு வந்தபோது அவனுக்கு இருபது வயது முடிந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. எனக்கு இருபத்தெட்டு. பேஸ்பாலில், அதுவும் சின்ன லீக்கில் பந்து எறிகிற பிட்ச்சருக்கு, இருபத்தெட்டு என்பது கிழடு தட்டிய வயது. என் பெயர் கில் மேடக்ஸ். ஆனால் அணியில் எல்லோருக்கும் நான் 'பெருசு'.

அது 1991 ஏப்ரல். டென்னசியில் ஆற்றை ஒட்டிய ஒரு ஊரில், பெரிய லீக்குக்கு இரண்டு படி கீழே இருந்த அணி எங்களுடையது. எனக்கு அங்கே அது மூன்றாவது வருஷம். அதற்கு முன் ஐந்து வருஷம் அதற்கும் கீழே கிடந்திருக்கிறேன். டோபி கான்சாஸின் மேற்குக் கோடியிலிருந்து வந்தவன். அவன் அப்பா ஒரு தானியக் கிடங்கில் லாரிகளை எடை போடுகிற வேலையில் இருந்தார். நாங்கள் இரண்டு பேரும் இடக்கைக்காரர்கள் என்பதாலோ என்னவோ, மேனேஜர் ஸ்டால்ஸ் எங்களை ஒரே வீட்டில் தங்கச் சொன்னார். சலவைக் கடைக்கு மேலே இரண்டு அறை. கீழே துணி உலர்த்தும் இயந்திரங்கள் ஓடும்போது எங்கள் தரை வெதுவெதுப்பாக இருக்கும்.

அவனோடு குடியிருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. அவனால் ஓரிடத்தில் உட்கார முடியாது. காலையில் பால் ஊற்றிய சோளப்பொரியைக் கிண்ணத்தோடு கையில் எடுத்துக்கொண்டு இரண்டு அறைகளுக்கும் நடந்தபடியேதான் சாப்பிடுவான். வாரத்துக்கு ஒருமுறை கட்டிலை இடம் மாற்றிப் போடுவான். ஒருநாள் நான் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் என் அலாரம் கடிகாரத்தைத் திருகு திருகாகக் கழற்றி மேஜை மேல் பரப்பி வைத்திருந்தான். அது நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடிகாரம். பஸ்ஸில் ஆறு மணி நேரப் பயணம் என்றால் ஆறு மணி நேரமும் நடுவழியில் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருப்பான். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துக் கத்துவார். கொஞ்ச நேரம் உட்காருவான். மறுபடி எழுந்துவிடுவான்.

"உனக்கு என்னதான்டா பிரச்சினை? பத்து நிமிஷம் உக்கார முடியாதா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"உக்காந்தா வேற எங்கயோ என்னமோ நடந்துட்டு இருக்கு, எனக்கு மட்டும் தெரியலங்கற மாதிரி இருக்கு பெருசு" என்றான்.

ஆனால் எறிமேட்டில் ஏறிவிட்டால் அவன் வேறு ஆள். கையுறையை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, பேட்டருக்குப் பின்னால் குந்தியிருக்கும் கேட்சரின் விரல் சைகையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அவன் உடம்பில் ஒரு அசைவு இருக்காது. அவன் மூச்சு விடுகிறானா என்றுகூடச் சந்தேகம் வரும். அப்புறம் பந்து போகும். அவனிடம் இரண்டே பந்துகள்தான். ஒன்று வேகப்பந்து. இன்னொன்று வளைபந்து, அது பேட்டரின் மார்புக்கு வருவதுபோல் வந்து முழங்காலுக்குக் கீழே விழும். அந்தப் பந்தை நான் எட்டு வருஷமாக எறியப் பார்க்கிறேன். எனக்கு வந்ததே இல்லை. முதல் ஆறு ஆட்டத்தில் அவன் ஐந்து ஜெயித்தான். மே மாதக் கடைசியில் உள்ளூர்ப் பத்திரிகையில் அவன் படம் வந்தது. அதைக் கத்தரித்து அப்பாவுக்கு அனுப்பினான். அதற்காக என்னிடம்தான் கத்தரிக்கோல் வாங்கினான்.

ஜூன் முதல் வாரத்தில் ஸ்டால்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மேலே, பெரிய லீக் அணியில், ஒரு இடக்கைப் பிட்ச்சருக்குத் தோள் போய்விட்டது என்றும், ஜூலை முடிவதற்குள் இங்கிருந்து ஒரு இடக்கையை நேராக மேலே எடுப்பார்கள் என்றும் சொன்னார். "ஒண்ணு நீ, இல்ல அந்தப் பொடியன். உனக்கு எது தெரியணுமோ அதைச் சொல்லிட்டேன்" என்றார். அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். என் வயதுக்காரனுக்கு அது கடைசி வண்டி என்று அவருக்கும் தெரியும். பொடியனிடம் சொல்ல வேண்டாம் என்றார், அவன் ஏற்கெனவே நிலைகொள்ளாமல் அலைகிறான் என்று.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததிலிருந்து எனக்கும் உட்கார முடியவில்லை. 

எங்கள் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. நாளைக்கு எறியப்போகிறவன், இன்றைய ஆட்டத்தில் கேட்சருக்கு நேர் பின்னால் கூட்டத்தோடு உட்கார்ந்து, ஒவ்வொரு பந்தையும் தாளில் குறிக்க வேண்டும். வேகப்பந்து என்றால் ஒரு எழுத்து, வளைபந்து என்றால் இன்னொரு எழுத்து, பக்கத்தில் வேகம், என்ன ஆயிற்று என்று. டோபிக்கு அடுத்த நாள் என் முறை. அதனால் அவன் எறிந்த எல்லா ஆட்டத்தையும் பேட்டரின் கண்ணுக்குத் தெரிகிற கோணத்திலிருந்து பார்த்தவன் நான் ஒருவன்தான்.

ஜூன் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மதிய ஆட்டம். அலபாமாவில் வெளியூர் மைதானம். அந்த அணியை டோபி ஏப்ரலில் ஒருமுறை துவைத்து எடுத்திருந்தான். இந்த முறை அவர்கள் அவனைத் துவைத்தார்கள். வளைபந்து எதையும் தொடவில்லை. அது கீழே விழுவதை நிதானமாக வேடிக்கை பார்த்தார்கள். வேகப்பந்து வந்தபோதெல்லாம் காத்திருந்தவர்கள்போல் அடித்தார்கள். நான் வெயிலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருந்தேன். மூன்றாவது இன்னிங்ஸில் ஒரு விஷயம் உறைத்தது. பந்து அவன் கையை விட்டுப் புறப்படும் முன்பே என் பென்சில் எழுத்தைப் போட்டுவிட்டிருந்தது. வளைபந்துக்கான எழுத்தைப் போட்டிருக்கிறேன், அப்புறம் வளைபந்து வருகிறது. அதற்கு முந்தியதும் அப்படித்தான்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று அடுத்த பந்துக்கு உற்றுப் பார்த்தேன். அவன் கையுறை போட்ட வலது கை. ஆள்காட்டி விரலை மட்டும் கையுறைக்கு வெளியே நீட்டி வைத்துக்கொள்வது அவன் பழக்கம். நிறையப் பேர் அப்படி வைப்பார்கள். வளைபந்துக்காக உள்ளே இடது கை பந்தின் தையலைத் தேடிப் பிடிக்கும்போது, அந்த வெளி விரல் கையுறையிலிருந்து ஒரு தானியமணி அளவு எழும்பியது. வேகப்பந்துக்கு எழும்பவில்லை. அவ்வளவுதான். உடம்பு முழுக்கக் கல்லாக நிற்கிறவனிடம் அது ஒன்று மட்டும் அசைந்தது.

எங்கள் கேட்சருக்கு அது தெரிய வழியில்லை. என்ன பந்து என்று சொல்லுகிறவனே அவன். அவன் எதற்குத் தேடப்போகிறான்? பெஞ்சிலிருந்து பார்த்தால் கையுறையின் பக்கவாட்டுதான் தெரியும். ஸ்டால்ஸ் இரண்டாவது பேஸில் நின்று பந்து பிடித்து ஆடிய மனிதர், பிட்ச்சர்களைப் பற்றி அவருக்குப் பெரிதாகத் தெரியாது. பிட்ச்சிங் கோச் எங்கள் நிர்வாகத்தின் எல்லா அணிகளுக்கும் பொதுவானவர், மாதத்துக்கு இரண்டு முறை வந்து போவார். ஆக, எங்கள் பக்கத்தில் தெரிந்தவன் நான் மட்டும். எதிர்ப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பஸ்ஸில் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். இதை யார் நம்பினாலும் நம்பாவிட்டாலும், அந்த மைதானத்திலிருந்து பஸ்வரை நடந்தபோது சொல்லத்தான் போனேன். டோபி என் இருக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். நின்றபடி ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டே இருந்தான்.

"நீதான பின்னாடி உக்காந்து பாத்த. என்ன தப்பு பண்றேன்? மறைக்காம சொல்லு பெருசு."

"பந்து கொஞ்சம் உயரமா போகுது" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். முன்கூட்டித் திட்டம் போட்டதில்லை. வாயைத் திறந்தேன், அது வந்தது. வந்தபிறகு, சரி, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் நான் எறிந்து ஜெயித்தேன். அதற்கு மறுநாள் அவன் விடிந்தவுடன் மைதானத்துக்குப் போய்விட்டான், பந்தைத் தாழ்த்திப் பழக.

அதிலிருந்து அவன் பட்ட பாட்டை நான் கூடவே இருந்து பார்த்தேன். பந்தைத் தாழ்த்த வேண்டும் என்பதற்காகக் கையிலிருந்து அதை விடுகிற இடத்தை மாற்றினான். அதற்காகத் தோளைச் சாய்த்தான். தோள் சாய்ந்ததும் முன்கால் வேறு இடத்தில் விழுந்தது. ஒவ்வொன்றையும் சரிசெய்யப் போய் இன்னொன்று கெட்டது. வீட்டில் துண்டை முனையில் முடிச்சுப் போட்டு, கண்ணாடி முன் நின்று அதை எறிகிற மாதிரி நூறு முறை வீசுவான். கீழே சலவைக் கடைக்காரி மேலே வந்து சத்தம் போட்டுவிட்டுப் போவாள். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து கையைத் தூக்கி, "இப்போ தாழ இருக்கா?" என்பான். நான் பார்த்து, "ம், பரவால்ல" என்பேன். நாளாக ஆக எனக்கு அதைச் சொல்வதும் சுலபமாகிவிட்டது. அடுத்த ஏழு ஆட்டத்தில் அவன் ஒன்றுதான் ஜெயித்தான். ஜூலையில் அவன் வேகமும் குறைய ஆரம்பித்தது. என் தாளில் நானே எழுதினேன், எண்பத்தெட்டு, எண்பத்தேழு என்று. ஏப்ரலில் மணிக்குத் தொண்ணூற்றிரண்டு மைல் இருந்தது.

நான் அந்த ஜூலையில் நன்றாக எறிந்தேன். அதையும் சொல்ல வேண்டும். 

ஜூலை இருபத்தாறு, ஸ்டால்ஸ் என்னைக் கூப்பிட்டு, மேலே போகிறாய் என்றார். கதவுக்கு வெளியே டோபி நின்றுகொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு என்னைக் கட்டிப் பிடித்தான். எட்டு வருஷம் ஆச்சு, எட்டு வருஷம் ஆச்சு என்று என்னைவிட அவன்தான் சொல்லிக்கொண்டிருந்தான். என் பெட்டியை அவன்தான் கட்டினான். என் காரிலேயே என்னை விமான நிலையத்துக்கு ஓட்டிக்கொண்டு போனான். வழி நெடுக ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டே வந்தான். இறங்கும்போது சொன்னான்:

"அங்க பெரிய கோச்சுங்க இருப்பாங்கல்ல. யாராவது நல்லவரா இருந்தா என்னைப் பத்திக் கேளு. இப்படி ஒரு பையன், நல்லா எறிஞ்சிட்டு இருந்தான், திடீர்னு எல்லாரும் அடிக்கிறாங்க, என்னவா இருக்கும்னு. எம் பேரு சொல்ல வேணாம்."

கேட்கிறேன் என்றேன்.

பெரிய லீக்கில் நான் பதினொரு நாள் இருந்தேன். மொத்தம் மூன்று முறை எறிந்தேன். முதல் முறை ஒரே ஒரு பேட்டர், அவனை அவுட் ஆக்கினேன். இரண்டாவது முறை ஒரு இன்னிங்ஸ். நோரீன், என் மனைவி, ஃபோர்ட் வேன் என்ற ஊரில் ஒரு பல் மருத்துவமனையில் வேலை பார்த்தாள். மூன்று நாள் லீவு போட்டு வந்து வெயிலில் உட்கார்ந்திருந்தாள். அந்த மூன்று நாளும் என்னை யாரும் கூப்பிடவில்லை. அவள் ஊர் திரும்பிய மறுநாள்தான் மூன்றாவது முறையாக எறிய விட்டார்கள். அன்று நான் எறிந்த பந்து ஒன்றை ஒருவன் அடித்து இரண்டாம் அடுக்கு இருக்கைகளில் போட்டான். அங்கே நிஜமாகவே நல்ல கோச் ஒருவர் இருந்தார், பெருந்தன்மையான மனிதர். தினமும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். டோபியைப் பற்றிக் கேட்கவில்லை. எனக்குத்தான் பதில் தெரியுமே.

என்னைத் திருப்பி அனுப்பினார்கள். சலவைக் கடைக்கு மேலே வந்து பார்த்தால் ஒரு அறை காலி. டோபியை ஒரு படி கீழே, அயோவாவுக்கு இறக்கிவிட்டிருந்தார்கள். கட்டில் ஜன்னல் பக்கம் போட்டபடி கிடந்தது. என் காரைக் கழுவி, சாவியைச் சமையல் மேடைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தான்.

ஒரு வாரம் எப்படிப் போயிற்றென்று தெரியாது. மாலையில் ஆட்டம் இருந்தால் தேவலை. பகல்தான் போகாது. ஊருக்குள் நடப்பேன், பாலத்தைத் தாண்டுவேன், திரும்புவேன். கடைசியில் ஒரு மதியம் நோரீனுக்கு அவள் சாப்பாட்டு நேரத்தில் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். விரல், தாள், பஸ், எல்லாம்.  பின்னால் யாரோ அவளைக் கூப்பிடுவது கேட்டது. இதோ வருகிறேன் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு என்னிடம் பேசினாள்.

"இதை எதுக்கு எங்கிட்ட சொல்ற கில்?"

"யார்கிட்டயாவது சொல்லணும்போல இருந்தது."

"யார்கிட்டயாவதுன்னு ஒருத்தர் இல்ல. அவன் ஒருத்தன்தான் இருக்கான்" என்றாள். வைத்துவிட்டாள்.

நான் எறிந்த மறுநாள் ஸ்டால்ஸிடம் இரண்டு நாள் லீவு கேட்டேன். காரணம் என்ன என்றார். டோபியைப் பார்க்க வேண்டும் என்றேன். போ என்றார். பதினொரு மணி நேரம் ஓட்டினேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் மட்டும் போதாது, நான் நேரில் நின்று அதைக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. நேரில் போனால் பாதியில் வைக்க முடியாது என்பதும் ஒரு காரணம்.

அயோவாவில் அந்த மைதானத்துக்குப் பின்னால் ஒரு மாவு ஆலை இருந்தது. ஊர் முழுக்க வறுத்த சோளத்தின் வாடை. மதியம் இரண்டு மணி. பயிற்சி நடந்துகொண்டிருந்தது. டோபி தூரத்தில் ஓடி ஓடிப் பந்து பொறுக்கிக்கொண்டிருந்தான். அங்கே அவனை ஆரம்பத்திலிருந்து எறிய விடுவதைக்கூட நிறுத்தி, கடைசி இன்னிங்ஸ்களுக்கு மட்டும் வைத்திருந்தார்கள். வேலியோரம் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தான்.

"பெருசு! நீ எங்க இங்க?" என்றவன், உடனே முகம் மாறி, "உன்னையும் இறக்கிட்டாங்களா? இவ்வளவு கீழயா?" என்று கேட்டான். நிஜமான கவலையோடு கேட்டான்.

இல்லை என்றேன். வேலிக்கு இந்தப் பக்கம் நின்றபடியே சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. வளைபந்துக்கு முன்னால் உன் ஆள்காட்டி விரல் எழும்புகிறது, பேட்டர்களுக்கெல்லாம் அது தெரிகிறது, எனக்கும் தெரிந்திருந்தது என்றேன். அவன் உடனே குனிந்து தன் வலது கையைப் பார்த்தான். 

"எப்பலேருந்து தெரியும்?"

"ஜூன் ஒம்போது."

"அன்னைக்கு பஸ்ல நான் உன்கிட்ட கேட்டேன்."

"கேட்ட."

"பந்து உயரமா போகுதுன்னு சொன்ன."

"ஆமா."

"உயரமா போச்சா?"

"இல்ல."

அவன் அசையாமல் நின்றான். எறிமேட்டுக்கு வெளியே அவன் அப்படி நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவன் திரும்பி அவர்களுடைய கேட்சரைக் கூப்பிட்டான், பத்தொன்பது வயதுப் பையன், கவசத்தை மாட்டிக்கொண்டு வந்தான். என்னைப் பார்த்து, "உள்ள வா. பேட்டர் நிக்கற எடத்துல நில்லு" என்றான்.

நின்றேன். கையில் மட்டை இல்லை. அவன் கையுறையை நெஞ்சுக்கு நேரே பிடித்தான்.

"சொல்லு."

"வேகம்" என்றேன். வேகப்பந்து வந்தது.

"சொல்லு."

"வளைவு."

நாற்பது பந்து எறிந்தான். நாற்பதையும் சரியாகச் சொன்னேன். இருபதைத் தாண்டியதும் கேட்சர் பையன் எழுந்து நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். டோபி அவனை உட்காரச் சொன்னான். முடிந்ததும் விரலைக் கையுறைக்கு உள்ளே விட்டுக்கொண்டு இன்னும் இருபது எறிந்தான். அதில் நான் சொன்னதில் பாதி தப்பு. 

அவன் கையுறையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

"சரி. கெளம்பு."

"டோபி, நான்..."

"நல்லதா எதையும் சொல்லிடாத. கெளம்பு. நான் இன்னைக்கு எறியணும்."

நான் போகவில்லை. டிக்கெட் வாங்கி, அவன் கண்ணில் படாத இடத்தில், மூன்றாவது பேஸ் பக்கம் மேல் வரிசையில் உட்கார்ந்தேன். ஏழாவது இன்னிங்ஸில் அவனை எறிய விட்டார்கள். விரல் உள்ளே இருந்தது. ஆனாலும் முதல் இரண்டு பேருக்கும் நாலு நாலு பந்து வெளியே எறிந்து முதல் பேஸைச் சும்மா தூக்கிக் கொடுத்தான். மூன்றாமவன் அடித்தான். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து அவன் தோள் சாய்வது தெரிந்தது. விரலை ஒரு நொடியில் மறைத்துவிடலாம். எட்டு வாரம் கண்ணாடி முன் நின்று கற்றுக்கொண்ட தப்பை எந்த உறைக்குள் மறைப்பது? நான் அவனிடமிருந்து ஒரு தகவலை மட்டும்தான் மறைத்தேன் என்று அதுவரை எண்ணிக்கொண்டிருந்தேன். 

திரும்பி வந்து ஸ்டால்ஸிடமும் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "எனக்குக் கண்ணு போதல. எனக்குத் தெரியல. அது என் தப்பு" என்றார். பிறகு, "உனக்குத் தெரிஞ்சுது" என்றார். மறுநாளிலிருந்து தாளில் குறிக்கும் வேலையை வேறு ஒருவனிடம் கொடுத்தார்.

அடுத்த மார்ச்சில் ஃப்ளோரிடாவில் பயிற்சி முகாம். எங்கள் நிர்வாகத்தின் எல்லா அணிகளும் ஒரே இடத்தில், நாலு மைதானம், இருநூறு பேர். டோபி குளிர்காலம் முழுக்கப் பழகித் தன் பழைய எறியும் முறையை மீட்டெடுத்திருந்தான் என்று கேள்விப்பட்டேன். கான்சாஸில் அவன் தங்கை பந்து பிடித்தாளாம், கிடங்கின் பின்சுவரை ஒட்டி. என்னோடு பேசவில்லை. வரிசையில் எனக்கு முன்னால் நின்றாலும் திரும்ப மாட்டான். மற்றவர்களிடம் அவன் எதையும் சொல்லவில்லை என்பதும் தெரிந்தது. அவர்கள் என்னிடம் பழையபடியே 'பெருசு, பெருசு' என்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மார்ச் இருபத்தெட்டாம் தேதி காலை என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டுக் கையைக் குலுக்கினார்கள். ஒன்பதாவது வருஷம் அங்கேயே முடிந்தது. அலமாரியைக் காலி செய்து, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, மைதானங்களுக்கு நடுவே உள்ள பாதையில் காரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ நடந்து வருகிற சத்தம். டோபி.

"உன்னை விட்டுட்டாங்கன்னு சொன்னாங்க."

"ஆமா."

"அப்ப பொய் சொல்ல உனக்கு இனி ஒரு காரணமும் இல்ல. வந்து பாரு."

பையைப் புல்லில் வைத்துவிட்டுப் போனேன். பேட்டர் நிற்கும் இடத்தில் நின்றேன். அவன் இப்போது மூன்றாவதாக ஒரு பந்தும் கற்றிருந்தான், வேகப்பந்து மாதிரியே புறப்பட்டுத் தாமதமாக வருகிற மெதுவான பந்து. முப்பது எறிந்தான். தோள் நேராக இருந்தது. விரலைப் பார்த்தேன், கையுறையைப் பார்த்தேன், முன்காலைப் பார்த்தேன், கழுத்தைப் பார்த்தேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு கவனமாக எதையும் பார்த்ததில்லை.

"மெதுவான பந்துக்கு முன்னாடி வாயால மூச்சு விடுற" என்றேன். "கன்னம் லேசா உப்புது. மத்த ரெண்டுக்கும் மூக்கால விடுற."

அவன் கேட்டுக்கொண்டான். இன்னும் பத்து எறிந்தான், உதட்டை இறுக்கிக்கொண்டு. எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொன்னேன். தலையாட்டினான். நன்றி சொல்லவில்லை, நான் எதிர்பார்க்கவும் இல்லை. பந்துக் கூடையை எடுத்துக்கொண்டு அடுத்த மைதானத்துக்கு ஓடினான். நடந்து போகக்கூட அவனுக்குப் பொறுமை கிடையாது.

நான் ஃபோர்ட் வேனுக்கு வந்து, நோரீனின் அண்ணனோடு சேர்ந்து கார்க் கொட்டகைகளுக்குக் கதவு மாட்டும் வேலையில் இறங்கினேன். டோபி அந்த வருஷம் டென்னசியில் பதிமூன்று ஆட்டம் ஜெயித்தான். அதற்கு அடுத்த வருஷம், மே மாதம் ஒரு புதன்கிழமை மதியம், ஒரு வீட்டின் முன் ஏணியில் நின்று கதவைத் தூக்கும் சுருள்வில்லை முறுக்கிக்கொண்டிருந்தபோது, வேனில் ஓடிய வானொலியில் அவன் பெயரைச் சொன்னார்கள். பெரிய லீக்கில் முதல் ஆட்டம், கான்சாஸிலிருந்து வந்த இடக்கைப் பையன் என்று.

இறங்கிவிட்டேன். வில்லைப் பாதி முறுக்கில் விடக்கூடாது, அதைக் கட்டிவைத்துவிட்டுத்தான் இறங்கினேன். வேனுக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன். நிற்க முடியவில்லை. தெருமுனை வரை போவேன், திரும்பி ஓடிவந்து எத்தனை என்று கேட்பேன். முதல் இன்னிங்ஸிலேயே இரண்டு ரன் கொடுத்துவிட்டான். இரண்டாவதில் ஒன்றுமில்லை. மூன்றாவதில் மூன்று பேரைத் தொடர்ந்து வெளியேற்றினான். கடைசி ஆள் வளைபந்தில் மட்டையைத் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டான் என்று வர்ணனையாளர் சொன்னார். ஆறாவதின் நடுவில் அவனை எடுத்துவிட்டார்கள். அப்போது 3–2, எதிரணி முன்னால். கடைசியில் தோற்றும்விட்டார்கள்.

வீட்டுக்காரி வெளியே வந்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு இன்றைக்கு முடியுமா என்று கேட்டாள்.

இன்றைக்கு முடியாது, நாளைக்குக் காலையில் வந்து செய்கிறேன் என்றேன். ஏணியை மடித்து வேனில் ஏற்றினேன்.